எக்ஸெல் அட்டவணைக்குள் படம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கடைகளுக்கு ஸ்டொக் லிஸ்ட் செய்து கொடுக்கிற தம்பி, தங்கச்சிமார் என்னிடம் கொண்டு வருகிற வேலை பெரும்பாலும் ஒன்றுதான். பைத்தன் புரோகிராமால் எழுதுகிற ஓர் எக்ஸெல் அட்டவணை: குறியீடு, பெயர், விலை, அவற்றுக்குப் பக்கத்தில் பொருளின் சின்னப் படம். வெள்ளவத்தைப் புடவைக் கடையாக இருக்கலாம், செட்டியார் தெரு நகைக் கடையாக இருக்கலாம், புறக்கோட்டை மொத்தக் கடையாக இருக்கலாம். கடை மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. பதில்களை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். இப்போது ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

படிக்கத் தொடங்குமுன் இரண்டு குறிப்பு. பள்ளிக்கூடத்தில் படித்தபடியே, குறுக்காகப் போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல். புரோகிராமையும் நிரல் என்று எழுதுவதுண்டு, குழப்பம் வராமலிருக்க அதைப் புரோகிராம் என்றே எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களை வாசிக்கிற ஒலியில் தமிழில் தந்திருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

அண்ணா, இதுக்கு எந்த லைப்ரரி எடுக்கிறது? என்னென்ன இன்ஸ்டோல் பண்ண வேணும்?

பைத்தனில் இரண்டு லைப்ரரி, அதாவது ஆயத்தமான கட்டளைத் தொகுப்பு, பழகினால் போதும். ஓபன்பைஎக்ஸ்எல், ஏற்கனவே இருக்கிற எக்ஸெல் ஃபைலைத் திறந்து மாற்றவும் புதிதாக ஒன்றை எழுதவும் உதவும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டர் புதிய ஃபைலை மட்டும்தான் எழுதும், பழையதைத் திறக்காது. ஆனால் படம் சம்பந்தமான வசதிகள் அதில் கூட. கடைக்காரர் ஏற்கனவே ஒரு ஃபைல் வைத்திருந்தால் முதலாவது, எல்லாவற்றையும் நீங்களே உருவாக்குவதாக இருந்தால் இரண்டாவது.

எதை எடுத்தாலும் பில்லோ என்ற படங்களுக்கான லைப்ரரியையும் சேர்த்து இன்ஸ்டோல் செய்யுங்கள். அது இல்லாமல் ஓபன்பைஎக்ஸ்எல் படத்தைத் தொடவே மாட்டாது, பில்லோ வேண்டும் என்று எரர் காட்டி நின்றுவிடும். கீழே வருகிற பாதிப் பதில்களுக்கும் அதுதான் கருவி.

படத்தை பி2 கலத்தில போட்டனான். ஆனா அது கலத்துக்குள்ள இல்லாம மேல மிதக்குது. நான் என்ன பிழை விட்டனான்?

நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. ஆட்_இமேஜ் கட்டளைக்குப் படத்தையும் "பி2" என்ற முகவரியையும் கொடுக்கும்போது, படம் அந்தக் கலத்துக்குள் போவதில்லை. விரிதாளுக்கு மேலே கண்ணாடித் தாள் ஒன்றை விரித்து அதில் ஒட்டியது போல இருக்கும். பி2 என்பது படத்தின் மேல் இடது மூலையைக் கட்டி வைக்கிற முளை மட்டும்தான். கலத்தைத் தனியாகத் திறந்து பார்த்தால் அது வெறுமையாகவே இருக்கும்.

இதை ஒருதரம் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். படம் நிரைகளை மூடுவது, ஃபில்டர் போட்டால் குவிவது, புரோகிராமால் நிரை செருகினால் இடம் மாறாமல் நிற்பது எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. கலத்தின் அளவைப் படத்துக்குப் பொருந்தச் செய்து, முளையைச் சரியாக அடித்துவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்குப் படம் கலத்துக்குள்ளேயே இருக்கும். உண்மையாகவே உள்ளே வைக்கிற வழியும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

படம் ஆறேழு நிரையை மூடிக்கொண்டு நிக்குது. கலத்தைப் படத்தின்ட அளவுக்குக் கொண்டுவாறது எப்பிடி? நான் 100 என்று போட்டா நிரல் கடல் மாதிரி விரியுது.

நிரல் விரிவதற்குக் காரணம், ஒரே ஃபைலில் மூன்று அளவுகோல்கள் இருப்பதுதான். படத்தின் அகலமும் உயரமும் பிக்சலில். நிரையின் உயரம் பொயின்டில். நிரலின் அகலமோ எழுத்துக் கணக்கில், அதாவது அந்த நிரலில் எத்தனை இலக்கம் அடங்கும் என்ற கணக்கில். 100 என்று போட்டால் நூறு இலக்கம் கொள்கிற அகலம் வந்துவிடும்.

உயரத்தின் கணக்கு சுலபம். ஓர் அங்குலத்துக்கு 72 பொயின்ட், எக்ஸெல் கணக்கில் 96 பிக்சல். ஆகவே பிக்சலை 0.75 ஆல் பெருக்குங்கள். 100 பிக்சல் படத்துக்கு 75 பொயின்ட் உயரம். ஒரு நிரைக்கு 409 பொயின்டுக்கு மேல் உயரம் கொடுக்க முடியாது, அது ஏறக்குறைய 545 பிக்சல். முழு நீளப் புடவைப் படத்தைப் பெரிதாகக் காட்ட நினைப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள்.

அகலத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். கலிப்ரி 11 எழுத்துருவில் ஓர் இலக்கத்தின் அகலம் 7 பிக்சல், அதோடு ஓரங்களுக்கு 5 பிக்சல். நூறு பிக்சல் நிரலை எக்ஸெல்லில் திறந்து பார்த்தால் அகலம் 13.57 என்று காட்டும். ஆனால் ஃபைலுக்குள் எழுதப்படுகிற எண்ணில் அந்த ஓரமும் சேர்ந்திருக்கும். ஓபன்பைஎக்ஸ்எல் நீங்கள் கொடுக்கிற எண்ணை அப்படியே ஃபைலில் எழுதுவதால் அதற்கு 100ஐ 7 ஆல் வகுத்து 14.29 கொடுக்க வேண்டும். 13.57 கொடுத்தால் நிரல் ஐந்து பிக்சல் ஒடுங்கி, படத்தின் வலது ஓரம் அடுத்த நிரலில் ஏறும். இந்த ஐந்து பிக்சலைத் தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டரில் இந்தத் தலையிடி இல்லை. செட்_காலம்_பிக்சல்ஸ், செட்_ரோ_பிக்சல்ஸ் என்று நேரே பிக்சலிலேயே கொடுக்கலாம்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். படம் 96 பிக்சல் சதுரத்துக்குள், கலம் 104 பிக்சல் சதுரம். நாலு பக்கமும் நாலு பிக்சல் காற்றோட்டம். அதாவது நிரை உயரம் 78, ஓபன்பைஎக்ஸ்எல்லில் நிரல் அகலம் 14.86.

படத்தின்ட அகலம் உயரம் ரெண்டையும் குறைச்சிட்டன். பார்க்கச் சின்னனாத்தான் இருக்கு. ஆனா ஃபைல் 600 எம்பி! மெயில்ல போகுதில்ல.

நீங்கள் குறைத்தது காட்டுகிற அளவை மட்டும்தான். ஃபைலுக்குள் ஃபோனில் எடுத்த முழுப் படமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 4000 க்கு 3000 பிக்சல், ஒவ்வொன்றும் மூன்று எம்பி என்று வையுங்கள். 212 புடவைக்கு 636 எம்பி ஆகிறது.

ஆகவே எக்ஸெல் பக்கம் போகுமுன் பில்லோவில் தம்ப்நெயில் கட்டளையால் படத்தையே சுருக்குங்கள். அது நீள அகல விகிதத்தைக் கெடுக்காது. கவனிக்க வேண்டியது: தம்ப்நெயில் அந்தப் படத்தையே மாற்றுகிறது, புதுப் படம் எதையும் திருப்பித் தருவதில்லை. அதன் விடையை ஒரு மாறியில் பிடித்து வைத்தால் உங்கள் கையில் வெறும் நன், அதாவது ஒன்றுமில்லை என்கிற பைத்தன் பெறுமானம்தான் இருக்கும். என்னிடம் வருகிற புரோகிராம்களில் அடிக்கடி காண்கிற தவறு இது.

எவ்வளவுக்குச் சுருக்குவது? 96 பிக்சல் என்பது தாளில் ஓர் அங்குலம். அதனால் 300 க்கு 300 எல்லைக்குள் சுருக்கினால் அச்சிலும் தெளிவாக இருக்கும், திரையில் பெரிதாக்கினாலும் முகம் சுளிக்க வைக்காது. நேரே 96 க்குச் சுருக்கினால் சரிகை வேலைப்பாடெல்லாம் குழம்பிப் போகும். ஜேபெக்கில் 80 தரத்தில் சேமியுங்கள். ஒரு படம் பெரும்பாலும் இருபது முப்பது கேபிக்குள் வந்துவிடும், முழு ஃபைலும் சில எம்பிக்குள் அடங்கும்.

ஃபோன்ல நிமிர்த்தித்தான் எடுத்தது. எக்ஸெல்லில படுத்துக் கிடக்கு, ஏன்?

ஃபோன் பெரும்பாலும் படத்தின் பிக்சல்களைத் திருப்புவதில்லை. "இதைத் திருப்பிக் காட்டு" என்று எக்ஸிஃப் குறிப்பு ஒன்றைப் படத்தோடு எழுதி வைக்கும். கேலரி அந்தக் குறிப்பை மதிக்கிறது. நீங்கள் பில்லோவில் சுருக்கிச் சேமிக்கும்போது அந்தக் குறிப்பு விழுந்துவிடுகிறது, படம் படுத்துவிடுகிறது.

பில்லோவின் இமேஜ்ஆப்ஸ் பகுதியில் எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ் என்று ஒன்று உண்டு. குறிப்பைப் படித்துப் பிக்சல்களை உண்மையாகவே திருப்பித் தரும். இது புதுப் படத்தைத் திருப்பித் தருகிறது, ஆகவே இதன் விடையை மாறியில் பிடிக்க வேண்டும். தம்ப்நெயிலுக்கு நேர் எதிர்! முதலில் திருப்புங்கள், பிறகு சுருக்குங்கள்.

ஐஃபோன் படம் திறக்கவே மாட்டுது. இன்னொரு பக்கம் பிஎன்ஜி படங்களுக்குப் பின்னால கறுப்பா வருது.

ஐஃபோன் படங்கள் பெரும்பாலும் ஹெய்க் வடிவத்தில் இருக்கும். பில்லோவுக்கு அது தானாகத் தெரியாது. பில்லோ-ஹெய்ஃப் என்ற துணை லைப்ரரியைப் போட்டு, புரோகிராமின் தொடக்கத்தில் அதைப் பதிவு செய்தால் திறக்கும். இல்லாவிட்டால் ஃபோன் கேமரா செட்டிங்கில் ஜேபெக்குக்கு மாற்றச் சொல்லுங்கள், அதுவே நல்லது.

கறுப்பு வருவது பின்னணி இல்லாத பிஎன்ஜி படங்களுக்கு. நகைப் படங்களில் இது அதிகம், பின்னணியை வெட்டித்தான் அனுப்புவார்கள். அதை நேரே ஜேபெக்காகச் சேமிக்க விடாது. வெறுமனே ஆர்ஜிபிக்கு மாற்றினால் ஒளிபுகும் இடம் பெரும்பாலும் கறுப்பாகிவிடும். அதே அளவில் வெள்ளைப் படம் ஒன்றை உருவாக்கி, நகைப் படத்தை அதன் மேல் ஒட்டி, பிறகு சேமியுங்கள். ஒட்டும்போது மாஸ்க் என்ற இடத்திலும் அதே நகைப் படத்தைக் கொடுக்க வேண்டும்.

கடைக்காரர் ஃபில்டர் போட்டவுடன படங்கள் எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு குவியுது. எனக்கு வெக்கமாப் போச்சு.

செட்டியார் தெருக் கடை ஒன்றில் இது என் கண் முன்னாலேயே நடந்தது. ஐயா கணக்கு மேசையில் இருந்து ஃபைலைத் திறந்தார். வகை என்ற நிரலில் "வளையல்" என்று மட்டும் தெரிவு செய்தார். மற்ற நிரைகள் மறைந்தன, ஆனால் அட்டியல், தோடு, பதக்கம் எல்லாம் ஒரு வளையலின் மேல் வந்து அடுக்கி நின்றன. "தம்பி, இது எந்த வளையல்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆட்_இமேஜ்க்கு முகவரி மட்டும் கொடுத்தால் முளை ஒரு மூலையில் மட்டும் அடிக்கப்படும். கலம் நகர்ந்தால் படம் நகரும், கலம் சுருங்கினால் படம் சுருங்காது. ஃபில்டர் என்பது நிரையின் உயரத்தைப் பூச்சியமாக்குவதுதான். ஆகவே நிரை மறைந்தாலும் படம் முழு உயரத்தில் நிற்கும். தீர்வு, இரண்டு மூலையிலும் முளை அடிப்பது. ஓபன்பைஎக்ஸ்எல்லில் டூசெல்ஆங்கர் என்பதை எடுத்து, மேல் இடது மூலைக்கு ஓர் ஆங்கர்மார்க்கர், கீழ் வலது மூலைக்கு இன்னொன்று கொடுத்து, எடிட்ஆஸ் என்பதில் "டூசெல்" என்று எழுதுங்கள். அதைப் படத்தின் ஆங்கராக வைத்துவிட்டு, ஆட்_இமேஜ்க்கு முகவரி கொடுக்காமல் படத்தை மட்டும் கொடுங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டரில் இன்சர்ட்_இமேஜ் கட்டளையில் ஆப்ஜெக்ட்_பொசிஷன் 1 என்று போட்டால் முடிந்தது. அதில் வழமையாக இருப்பது 2, அதனால்தான் அதிலும் குவிகிறது.

வரிசைப்படுத்தும்போதும் படம் கூடவே வர வேண்டும் என்றால், படம் முழுவதும் கலத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு பிக்சல் வெளியே போனாலும் விலை ஓரிடமும் படம் ஓரிடமுமாகப் பிரியலாம். மேலே சொன்ன நாலு பிக்சல் காற்றோட்டம் இதற்காகவும்தான்.

படம் எப்பவும் இடப்பக்க மூலையில ஒட்டிக்கொண்டு நிக்குது. நடுவில வைக்கிறது எப்பிடி? அலைன்மென்ட் சென்டர் வேலை செய்யுதில்லை.

அலைன்மென்ட் கலத்துக்குள் இருக்கிற எழுத்துக்கு. படம் கலத்துக்குள் இல்லை என்று இரண்டாவது கேள்வியிலேயே பார்த்தோம். ஆகவே நகர்த்தலை நீங்களே கணக்கிட்டு ஆங்கர்மார்க்கரில் கொடுக்க வேண்டும்.

அங்கே நாலாவது அளவுகோல் ஒன்று வருகிறது, ஈஎம்யு. ஓர் அங்குலத்துக்கு 914400 ஈஎம்யு, ஆகவே ஒரு பிக்சலுக்கு 9525. 104 பிக்சல் சதுரக் கலத்தில் 96 க்கு 72 படம் ஒன்றை நடுவில் வைப்போம். இடப்பக்கம் 4 பிக்சல் என்றால் 38100, மேலே 16 பிக்சல் என்றால் 152400. இரண்டாவது முளைக்கு வலமாக 100 பிக்சல், கீழே 88 பிக்சல், அதாவது 952500 உம் 838200 உம். பெருக்கி எழுதச் சோம்பலாக இருந்தால் பிக்சல்ஸ்_டு_ஈஎம்யு என்ற உதவிக் கட்டளை ஓபன்பைஎக்ஸ்எல்லிலேயே இருக்கிறது.

ஆங்கர்மார்க்கர் நிரையையும் நிரலையும் பூச்சியத்திலிருந்து எண்ணும். செல் கட்டளை ஒன்றிலிருந்து எண்ணும். பி2 என்றால் மார்க்கருக்கு நிரல் 1, நிரை 1. எல்லாப் படமும் ஒரு நிரை கீழே தள்ளி நின்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், இதைப் பாருங்கள்.

அப்ப உண்மையாவே கலத்துக்குள்ள படம் போட ஏலாதா?

ஏலும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டரில் எம்பெட்_இமேஜ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. புதிய எக்ஸெல்லில் "கலத்தில் வை" என்று படம் செருகுவதற்குச் சமம். படம் கலத்தின் பெறுமானமாகவே ஆகிவிடும், கலத்தின் அளவுக்குத் தானாகவே பொருந்தும், ஃபில்டர், வரிசைப்படுத்தல் எதிலும் கூடவே போகும். மேலே சொன்ன முளைக் கணக்கு ஒன்றும் தேவையில்லை.

ஆனால் இந்த வசதி எக்ஸெல்லுக்கு வந்தது 2023 இல்தான். அதற்கு முந்திய எக்ஸெல்லில் திறந்தால் படம் இருக்க வேண்டிய இடத்தில் மதிப்புப் பிழை மட்டுமே தெரியும். புறக்கோட்டையில் இன்னும் 2010, 2013 எக்ஸெல் ஓடுகிற கணினிகளை நான் நிறையப் பார்க்கிறேன். ஆகவே வாடிக்கையாளர் என்ன பதிப்பு வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். நம் கணினியில் அழகாக இருப்பதை விட, அவர் கணினியில் தெரிவதுதான் முக்கியம். சந்தேகம் இருந்தால் இரண்டு முளை முறையிலேயே செய்யுங்கள்.

நான் பாண்டாஸ்ல டேட்டாஃப்ரேமா வச்சிருக்கிறன். டு_எக்ஸெல் படத்தையும் எழுதுமா?

பாண்டாஸ் என்பது அட்டவணைத் தரவுக்கான பைத்தன் லைப்ரரி, டேட்டாஃப்ரேம் அதன் அட்டவணை. டு_எக்ஸெல் படத்தை எழுதாது, படத்தின் பாதையை வெறும் எழுத்தாகத்தான் எழுதும். எக்ஸெல்ரைட்டரைத் திறக்கும்போது என்ஜின் என்பதில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டரைக் கொடுங்கள். டு_எக்ஸெல் முடிந்ததும் ஷீட்ஸ் என்பதிலிருந்து அந்தத் தாளை எடுத்து, நிரை நிரையாகப் படங்களைச் செருகுங்கள். தலைப்பு நிரை ஒன்று முதலில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கொஞ்சப் பொருளுக்குப் படம் இல்லை. புரோகிராம் நடுவில நிண்டுடுது.

படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். இல்லையென்றால் கலத்தில் "படம் இல்லை" என்று எழுதுங்கள், குறியீட்டைத் தனிப் பட்டியலில் சேருங்கள். அந்தப் பட்டியலைக் கடைக்குக் கொடுத்தால் மறுநாளே படம் எடுத்து அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் அசல் படம் வரும். லினக்ஸ் சேர்வரில் ஓடும்போது மட்டும் படங்கள் காணாமல் போனால், ஃபைல் பெயரின் கடைசியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஃபைலைத் திறந்து ரெண்டு நிரை செருகிச் சேமிச்சன். படம் எல்லாம் இடம் மாறிட்டுது, மேலே இருந்த அலங்காரப் பெட்டியும் காணேல்ல.

இரண்டு வேறு பிரச்சினைகள். இன்சர்ட்_ரோஸ் கலங்களை மட்டும்தான் கீழே தள்ளும், முளைகளைத் தொடாது. படங்கள் பழைய இடத்திலேயே நின்றன, எழுத்துக்கள்தான் இறங்கின. படம் இருக்கிற தாளில் நிரை செருகுவதை நான் தவிர்க்கிறேன். தரவைச் சரிசெய்துவிட்டு முழு அட்டவணையையும் புதிதாக எழுதுவது பாதுகாப்பு.

பெட்டி காணாமல் போனதற்குக் காரணம், ஓபன்பைஎக்ஸ்எல் எக்ஸெல்லில் இருக்கிற எல்லாவற்றையும் படிக்காது. படங்கள் தப்பும், வரைந்த வடிவங்கள் தப்பாது. கடைக்காரர் தந்த அசல் ஃபைலின் மேல் ஒருபோதும் சேமிக்க வேண்டாம். வேறு பெயரில் கொப்பியாகச் சேமியுங்கள்.

பிரிண்ட் எடுத்தா வலப்பக்க நிரல் வேற தாளுக்குப் போகுது.

பேஜ்_செட்அப்பில் பேப்பர்சைஸ் 9 என்று போடுங்கள், அதுதான் ஏ4. ஃபிட்டுபேஜ் என்பதை உண்மை ஆக்குங்கள், ஃபிட்டுவித் 1, ஃபிட்டுஹைட் 0. அகலம் ஒரு தாளுக்குள் அடங்கும், நீளம் தேவையான அளவு போகும். பிரிண்ட்_டைட்டில்_ரோஸ் கொடுத்தால் ஒவ்வொரு தாளிலும் தலைப்பு நிரை வரும். எக்ஸெல் தாளை நிரைகளுக்கு இடையில்தான் வெட்டும். படம் தன் நிரைக்குள் அடங்கியிருந்தால் புடவை பாதி இந்தத் தாளிலும் பாதி அடுத்த தாளிலுமாக வராது.

இதையே வேர்ட் அட்டவணையில செய்யலாமா?

தாராளமாக, அங்கே இன்னும் சுலபம். பைத்தன்-டாக்ஸ் லைப்ரரியில் கலத்தின் முதல் பந்தியை எடுத்து, அதில் ஒரு ரன் (பந்திக்குள் ஒரு துண்டு) சேர்த்து, ஆட்_பிக்சர் கொடுங்கள். வேர்டில் படம் ஓர் எழுத்தைப் போல வரிக்குள்ளேயே நிற்கும், முளை இல்லை, மிதப்பு இல்லை. அகலத்தை மட்டும் கொடுத்தால் உயரம் விகிதப்படி தானாக வரும். பந்தியை நடுவில் வைத்தால் படமும் நடுவில் வரும்.

சேவ் கட்டளையில "மூடிய ஃபைலில் வேலை செய்ய ஏலாது" என்று எரர் வருகுது. படங்கள் எல்லாம் சரியாத்தானே இருக்கு?

ஆட்_இமேஜ் சொன்ன கணமே படம் ஃபைலுக்குள் போய்விடுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் சேவ் சொல்லும்போதுதான் ஓபன்பைஎக்ஸ்எல் படத்தின் பைட்டுகளை எழுதுகிறது. அதற்கு முன்பே நீங்கள் பைட்ஸ்ஐஓவை (படத்தை நினைவகத்திலேயே ஃபைல் போல வைத்திருப்பது) மூடிவிட்டாலோ, வித் வாக்கியத்துக்குள் திறந்த படம் தானாக மூடிவிட்டாலோ இந்த எரர் வரும். சுருக்கிய படங்களை வைத்திருந்த தற்காலிக ஃபோல்டரை அவசரப்பட்டு அழித்தாலும் சேவ் நின்றுவிடும், அப்போது ஃபைல் காணவில்லை என்று சொல்லும்.

படங்களைப் பைட்ஸ்ஐஓ வழியாகக் கொடுத்திருந்தால், ஒரே வேர்க்புக்கை இரண்டு தரம் சேமித்தாலும் இதே எரர்தான். முதல் சேவிலேயே அந்தப் படங்கள் மூடப்பட்டுவிடுகின்றன. ஐம்பது பொருளுக்கு ஒருதரம் சேமித்துக்கொண்டு போகிற பழக்கம் உள்ளவர்கள் அதைக் கைவிட்டு, கடைசியில் ஒரே ஒருதரம் சேமியுங்கள். இடையில் ஒரு கொப்பி கட்டாயம் வேண்டுமென்றால், சேமித்த ஃபைலை மறுபடி லோட்_வேர்க்புக்கால் திறந்து அதிலிருந்து தொடருங்கள்.

கடைக்காரர் படங்களோட எக்ஸெல் ஃபைல் தந்தார். அந்தப் படங்களை வெளியில எடுத்து, எது எந்தப் பொருள் என்று பிரிக்க ஏலுமா?

படங்கள் மட்டும் போதுமென்றால் புரோகிராமே தேவையில்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் என்பது உள்ளே ஒரு ஸிப் பொதிதான். ஒரு கொப்பி எடுத்து, பெயரின் கடைசியை ஸிப் என்று மாற்றித் திறந்தால் எக்ஸ்எல் ஃபோல்டருக்குள் மீடியா என்ற ஃபோல்டரில் எல்லாம் இருக்கும். ஆனால் அங்கே இமேஜ்1, இமேஜ்2 என்றுதான் பெயர் இருக்கும், பொருளின் குறியீடு இருக்காது.

எது எந்த நிரைக்கு உரியது என்பது முளையில்தான் இருக்கிறது. ஓபன்பைஎக்ஸ்எல்லில் ஃபைலைத் திறந்து, தாளின் _இமேஜஸ் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து, ஆங்கரின் _ஃப்ரம் பகுதியில் ரோ என்ன என்று பாருங்கள். அதற்கு ஒன்று கூட்டினால் எக்ஸெல் நிரை எண் வரும், அந்த நிரையில் இருக்கிற குறியீட்டையே படத்துக்குப் பெயராக வைத்துச் சேமிக்கலாம். கையால் ஒட்டிய ஃபைல்களில் படத்தின் மேல் மூலை சில நேரம் முந்திய நிரையின் அடி ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது எண் ஒன்று குறைவாக வரும். ஆகவே நிரைக்குள் எவ்வளவு கீழே தொடங்குகிறது என்று ரோஆஃப் ஐயும் பாருங்கள். அது நிரை உயரத்தின் பாதியைத் தாண்டினால் அடுத்த நிரைக்கு எழுதுங்கள். பிரித்து முடித்ததும் முதல் இருபது படத்தையாவது கடைக்காரரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.